நெல்லைச் சீமையில் எம்.எஸ்.டபிள்யூ.: சேர்க்கை முதல் பட்டம் வரை

சமூகப்பணி முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டுப் படிப்பு, நான்கு செமஸ்டர். பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பி.ஏ. தமிழ் எதுவும் தடையில்லை. பி.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கொஞ்சம் லேசாக இருக்கும், அவ்வளவுதான். சேருவது சுலபம் என்பதால் 'ஏதாவது ஒரு பி.ஜி. போடுவோம்' என்று வருபவர்கள் நிறைய. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பறைக்கு வெளியே களப்பணி பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சேர்ந்த பிறகுதான் உறைக்கிறது.

தியரி தாளில் தவறினால் அரியர் எழுதலாம். களப்பணியில் நாள் குறைந்தால் பல கல்லூரிகளில் அந்தச் செமஸ்டரின் களப்பணி முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படுவதும் களத்தில் என்ன செய்தீர்கள் என்பதுதான். அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ப்ராஜெக்ட் தலைப்பு வரை எல்லாவற்றையும் களப்பணியை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளும் 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. எந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ. நடக்கிறது, அது தன்னாட்சிக் கல்லூரியா, சுயநிதிப் பிரிவா என்பதைப் பல்கலைக்கழகப் பட்டியலில் பார்த்துவிட்டு, நேரில் போய் விசாரியுங்கள். வெளியூர் போகத் தயார் என்றால் மதுரை, காந்திகிராமம், திருச்சி, கோவை, சென்னை என்று வழி நீள்கிறது. சென்னையின் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952இல் தொடங்கியது. மும்பையின் டாடா சமூக அறிவியல் கழகம் 1936இலிருந்து இருக்கிறது. அதற்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட்-பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்கான விண்ணப்பம் ஜனவரி, பிப்ரவரி வாக்கிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த ஆண்டு போய்விடும். உள்ளூர்க் கல்லூரிகளுக்கு மே, ஜூனில் விண்ணப்பித்தால் போதும்.

துறைத் தலைவரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். களப்பணிக்கு ஓர் ஆசிரியரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்? பத்துப் பேருக்கு மேல் இருந்தால் வாராந்தரச் சந்திப்பு பெயருக்குத்தான் நடக்கும். போன ஆண்டு மாணவர்கள் எந்தெந்த இடங்களுக்குப் போனார்கள்? பட்டியலில் மருத்துவமனை, அரசு இல்லம், தொழிற்சாலை, தொண்டு நிறுவனம், பள்ளி எல்லாம் கலந்து இருக்க வேண்டும். மூன்றாவது, எந்தெந்த ஸ்பெஷலைசேஷன் உண்மையில் நடக்கிறது? விளம்பரத்தில் நான்கு போட்டிருப்பார்கள். ஆள் சேராத பிரிவை நடத்தாமல் விட்டுவிட்டு, வந்தவர்களை இன்னொன்றில் உட்காரவைப்பது நடக்கிற காரியம்.

சேர்க்கைக்கு இளங்கலை மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல், டி.சி., சாதிச் சான்று வேண்டும்; வேறு பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் மைக்ரேஷன் சான்றும் சேரும். மைக்ரேஷனுக்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பதால் ரிசல்ட் வந்த வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள். பணம் பற்றி ஒன்று: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தாசில்தார் அலுவலக வருமானச் சான்றைச் சேருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பிரிவு

முதலாண்டு எல்லாருக்கும் பொது. தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, ஆராய்ச்சி, நலத்துறை நிர்வாகம், சமூகச் செயல்பாடு என்ற ஆறு முறைகளும், சமூகவியலும் உளவியலும் அடிப்படையாக வரும். இரண்டாமாண்டில் பிரிகிறது: சமுதாய மேம்பாடு, மருத்துவம்-மனநலம், மனிதவளம், சில இடங்களில் குடும்பமும் குழந்தையும்.

மனிதவளம் எடுத்தால் கம்பெனி வேலை கிடைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டம் 1948இன் 49ஆம் பிரிவு 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020இன் பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியது. ஆனால் அந்தப் பதவிக்கு மாநில அரசு ஏற்ற படிப்பாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரிப் பட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பிரிவு எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவம்-மனநலம் எடுப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி 'மனநல சமூகப்பணியாளர்' என்று சொல்லிக்கொள்ள எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. அதற்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்., அதுவும் கண்காணிப்போடு கூடிய பயிற்சி உள்ளது, வேண்டும். யு.ஜி.சி. 2022 விதிமுறைகளில் எம்.ஃபில்.லை நிறுத்திவிட்டு, இந்தத் துறைக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 வரை அவகாசம் கொடுத்தது. ஆகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இப்போது எந்தப் பெயரில் படிப்பு நடக்கிறது, எம்.எஸ்.டபிள்யூ.வில் எந்தப் பிரிவு கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நெல்லையில் இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை சமுதாய மேம்பாடு அல்லது மருத்துவம்-மனநலம். காரணம் களம்தான். பீடி சுற்றும் ஊர்களாக முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் இருக்கின்றன. பாபநாசம் மலையில் காணி மக்கள் குடியிருப்புகள், மாஞ்சோலை எஸ்டேட்டை விட்டு இறங்கிய தொழிலாளர் குடும்பங்கள், ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை, பாளையங்கோட்டையில் மத்திய சிறை, கூர்நோக்கு இல்லம், காது கேளாதோர் பள்ளி, பார்வையற்றோர் பள்ளி. இவ்வளவும் ஒரு டவுன் பஸ், ஒரு மினி பஸ் தூரத்தில் அமைவது அபூர்வம்.

களப்பணி: நாள் கணக்கு

வழக்கமான ஏற்பாடு வாரத்துக்கு இரண்டு நாள், சுமார் 15 மணி நேரம். முதல் செமஸ்டரில் பல நிறுவனங்களைச் சும்மா போய்ப் பார்ப்பதும், ஏழு முதல் பத்து நாள் கிராம முகாமும் இருக்கும். அதன்பின் ஒரே ஏஜென்சிக்கு, அதாவது களப்பணிக்கு இடம் தரும் நிறுவனத்துக்கு, தொடர்ச்சியாகப் போக வேண்டும். கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது இடைவிடாத முழுநேரக் களப்பணி.

செமஸ்டருக்கு 24 நாள் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வாரம் ஒரு நாளும் விடாமல் போனால்தான் அது வரும். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, தசரா, தீபாவளி, இடையில் இன்டர்னல் தேர்வு, ஐப்பசி-கார்த்திகை மழை எல்லாம் அதில் கைவைக்கும். செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே காலண்டரில் போகக்கூடிய நாள்களைக் குறித்து, தேவைக்கு மேல் நான்கு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் நாள்களை அடைத்துப் போடுவதைப் பல துறைகள் ஏற்பதில்லை. ஏற்றாலும் அந்த நாள்களில் உருப்படியாக எதுவும் நடக்காது.

சிறை, அரசு இல்லம் போன்ற இடங்களுக்குத் துறையின் தலைமையிடத்திலிருந்து அனுமதி வர வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் இழுக்கும். கல்லூரிக் கடிதம், மாணவர் பட்டியல், நாள், நோக்கம், பொறுப்பாசிரியர் பெயர், இத்தனையும் ஒரே தாளில் இருந்தால் திரும்பி வராது. அனுமதி வரும்வரை சும்மா இருக்காமல், தற்காலிகமாக ஒரு தொண்டு நிறுவனத்திலோ பள்ளியிலோ தொடங்கிவிடுங்கள்.

ஒரு செமஸ்டரில் செய்து முடிக்க வேண்டியது பொதுவாக இவ்வளவு: மூன்று முதல் ஐந்து தனிநபர் பணி, ஒவ்வொருவரையும் குறைந்தது ஐந்து முறை சந்தித்தல், எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு, அதற்கு எட்டு அமர்வாவது, ஒரு சமுதாய நிகழ்ச்சி. நிகழ்ச்சியில்தான் எல்லாரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். பேனர், மாலை, சிறப்பு விருந்தினர், போட்டோ என்று இரண்டு வாரம் ஓடிவிடும். மதிப்பெண்ணோ தனிநபர் பணியில்தான் கூடுதலாக இருக்கும். முதல் மூன்று வாரத்துக்குள் ஆள்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால்தான் ஐந்து சந்திப்புக்கு நேரம் இருக்கும்.

ரிப்போர்ட்

போன அன்று இரவே எழுதுங்கள். அதிகம் போனால் மறுநாள். நாள், போன நேரம், வந்த நேரம், அன்றைய நோக்கம், நடந்தது, கவனித்தது, அதிலிருந்து உங்கள் எண்ணம், அடுத்த நாள் திட்டம் என்ற வரிசை எல்லா இடத்திலும் செல்லும். ஆசிரியருடன் தனிச் சந்திப்பு வாரம் ஒருமுறை நடக்கும். அதற்கு முன்பே ரிப்போர்ட் கையில் போய்விட வேண்டும்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அடிவாங்கும் ரிப்போர்ட் இப்படி இருக்கும்: 'குடும்பம் வறுமையில் வாடுகிறது. மாணவனுக்கு கவுன்சலிங் கொடுத்தேன். அவன் மாறிவிட்டான்.' இதில் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. இதையே இப்படி எழுதலாம்: 'எம்-3, எட்டாம் வகுப்பு. ஜூலையில் 23 வேலைநாளில் 9 நாள் வரவில்லை. ஒன்பதில் நான்கு திங்கள்கிழமை. அப்பா சனி, ஞாயிறு குடித்துவிட்டு வருவதாகவும், திங்கள் காலை அம்மாவோடு பீடிக்கடைக்குப் போவதாகவும் சொன்னான். வகுப்பாசிரியருக்கு இது தெரியாது. அடுத்த வியாழன் அம்மாவைப் பார்க்க வேண்டும்.' கிழமையைப் பார்த்ததால்தான் அடுத்து என்ன செய்வது என்பது தெரிந்தது. வருகைப் பதிவேட்டை வாங்கி இப்படிக் கிழமை கிழமையாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் முதல் செமஸ்டரிலேயே வந்துவிட வேண்டும்.

பெயர் எழுதக் கூடாது, குறியீடு போதும். குழந்தைகள் விஷயத்தில் இது சட்டம். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவும், போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்கள் வெளியாவதைத் தடுக்கின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இல்லத்துக் குழந்தைகளோடு எடுத்த போட்டோவைப் போட்டு மாட்டிக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதற்குப்பின் அந்த இல்லம் கல்லூரியையே உள்ளே விடாது.

ஒரு குழந்தை தனக்குப் பாலியல் தொந்தரவு நடக்கிறது என்று உங்களிடம் சொன்னால், அதை ரிப்போர்ட்டில் எழுதி அடுத்த வாரச் சந்திப்புக்கு வைத்திருக்கக் கூடாது. போக்சோ 19ஆம் பிரிவின்படி தெரியவந்த எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். மாணவருக்கு விலக்கு இல்லை; சொல்லாமல் விடுவது 21ஆம் பிரிவின் கீழ் குற்றம். அன்றே ஏஜென்சிப் பொறுப்பாளரிடமும் ஆசிரியரிடமும் சொல்லி, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்து, புகார் பதிவாகும்வரை கூட இருங்கள். குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

ஊருக்குள் நுழைவது

முதல் நாள் கேட்கப்படும் கேள்வி அநேகமாக இதுதான்: 'எங்கன இருந்து வாறிய? லோனு குடுக்கிய ஆளுவளா?' நுண்கடன் கம்பெனி ஆள்கள் கையில் நோட்டோடு வந்து போன தெருக்களில் நோட்டோடு நுழையும் யாரையும் அப்படித்தான் பார்ப்பார்கள். முதல் இரண்டு நாள் எதையும் எழுத வேண்டாம். கல்லூரி அடையாள அட்டை வெளியே தெரியட்டும். என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒன்றும் கிடைக்காது, படிக்க வந்திருக்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். பென்ஷன் வாங்கித் தருகிறோம், பட்டா வாங்கித் தருகிறோம் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் அடுத்த இரண்டு ஆண்டு மாணவர்களுக்கும் அந்த ஊர் கிடையாது.

இங்கே சாதியை மறந்து களப்பணி செய்ய முடியாது. நீங்கள் யார் வண்டியில் வந்து இறங்கினீர்கள், முதலில் எந்தத் தெருவுக்குப் போனீர்கள், யார் வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள் என்பதையெல்லாம் ஊர் கவனிக்கும். ஒரு தெருவில் ஒரு வாரம் இருந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால் அங்கே பேச்சு எழாது. இரண்டு தெருவுக்கும் முதல் நாளே போங்கள், காலனியை முதலில் பாருங்கள். தங்கிப் பேசும் இடமாக ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை வேண்டாம். அங்கன்வாடி, பள்ளி, ஊராட்சி அலுவலகம் இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். அங்கன்வாடியும் ரேஷன் கடையும் எந்தத் தெருவில் இருக்கின்றன, அங்கே யார் வருவதில்லை என்பதை ஊர் வரைபடம் போடும்போது குறித்துவையுங்கள்.

பள்ளியில் குழுப்பணி செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வீட்டில் வைத்து சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. குழு சேர்க்கும்போது மாணவர்களே ஆள் பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் தெருவாரியாகத்தான் பிரிவார்கள். வருகை எண் வரிசையில் மூன்றுக்கு ஒருவராக எடுத்தால் அது உடையும். சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பற்றி முதல் அமர்விலேயே பேச்செடுக்க வேண்டாம். நான்காவது, ஐந்தாவது அமர்வில் அவர்களே எடுப்பார்கள்.

ப்ராஜெக்ட்

மூன்றாவது செமஸ்டரில் தலைப்பு, நான்காவதில் சமர்ப்பிப்பு, வைவா. அறிமுகம், முந்தைய ஆய்வுகள், ஆய்வு முறை, பகுப்பாய்வு, கண்டறிந்தவையும் பரிந்துரையும் என ஐந்து அத்தியாயம். அறுபது பேரைச் சந்தித்தால் ஒருவர் சமாளிக்கலாம். 300 பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் படிவத்தை அறையில் உட்கார்ந்து நிரப்புவதை வழிகாட்டி இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

'பீடித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை' என்ற தலைப்பு துறை நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்கும். அதைச் சுருக்குங்கள். ஒரே ஊரில், 40 வயது தாண்டிய பெண்கள், பி.எஃப். பணம் எடுப்பதில் வரும் சிக்கல் என்று எடுத்தால் ஆறு மாதத்தில் முடியும், படிக்கிறவருக்கும் பயன்படும்.

கேள்விப் படிவத்தில் 'மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் குத்துமதிப்பான எண் வரும். பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுகிறார், வாரத்தில் எத்தனை நாள் இலை கொடுக்கிறார்கள், ஆயிரத்துக்குக் கையில் வருவது எவ்வளவு, கழித்துவிட்ட பீடி எத்தனை, கொடுத்த இலை போதாமல் வெளியே காசு கொடுத்து வாங்கியது எவ்வளவு என்று ஐந்தாகப் பிரித்துக் கேளுங்கள். வருமானத்தை நீங்களே கணக்கிடலாம். பீடிக் கம்பெனி பாஸ்புக் யார் பெயரில் என்பதையும் கேட்க வேண்டும். ஒருவர் பெயரில் பாஸ்புக் இருக்கும், வீட்டில் மூன்று பேர் சுற்றுவார்கள். அதைக் கேட்காவிட்டால் தொழிலாளர் எண்ணிக்கையே தப்பாகிவிடும். 'மன உளைச்சல் உண்டா?' என்பதற்கு எல்லாரும் இல்லை என்பார்கள். 'ராத்திரி தூக்கம் எப்படி?', 'சோறு இறங்குதா?' என்று கேட்டால் பேச்சு வரும். படிவத்தை முதலில் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்திய பிறகே அச்சடியுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். பிசானப் பருவ நெல்லுக்கு நடவு நடக்கும்போது பகலில் ஊரில் பெண்கள் இருக்க மாட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். கோயில் கொடை (ஊர்த் திருவிழா) என்றால் அந்த வாரம் முழுக்க வேலைக்கு ஆகாது. மார்ச்சில் தகவல் சேகரிப்பு என்று திட்டம் போட்டவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் முடித்துவிடுங்கள்.

வருகை, மதிப்பெண்

75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம்; கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுத வழியிருக்கும். முதுகலையில் தேர்ச்சி பெரும்பாலும் 50. ஆனால் குறியாக 55 வையுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட்டுக்குப் பொதுப் பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. சமூகப்பணிக்கான பாட எண் 10.

தொலைதூரக் கல்வியில் இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.எஸ்.டபிள்யூ. நடத்துகிறது. அதிலும் களப்பணி கட்டாயம், ஏஜென்சியையும் மேற்பார்வையாளரையும் தேடுவதில் பெரும்பகுதி உங்கள் பொறுப்பு. ஏற்கெனவே தொண்டு நிறுவனத்திலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவருக்கு அது சரிவரும். புதிதாக வருபவருக்கு நேரடிப் படிப்பே நல்லது.

முடித்துவிட்டு வெளியே வரும்போது

முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாக இருக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப்பணியாளர், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மருத்துவமனைகளில் ஆலோசகர், பிறகு தொண்டு நிறுவனங்கள். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், பதினைந்து நாள்தான் அவகாசம் இருக்கும். குழந்தைகள் அலகுக்கு விண்ணப்பிப்பவர் சமூக விசாரணை அறிக்கை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். 2016 மாதிரி விதிகளில் சட்டத்துடன் முரண்பட்ட குழந்தைக்குப் படிவம் 6, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைக்குப் படிவம் 22. இரண்டையும் பிளாக் பிளேஸ்மென்ட் சமயத்தில் ஒருமுறையாவது நிரப்பிப் பழகுங்கள்.

ஒவ்வொரு ஏஜென்சியை விட்டு வரும்போதும் தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்த மணி நேரம், செய்த வேலை ஆகியவற்றோடு லெட்டர்பேடில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்று வாங்கிவிடுங்கள். பொறுப்பாளர் மாறிவிட்டால் ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்கும்போது உங்களைத் தெரிந்தவர் அங்கே இருக்க மாட்டார். களப்பணி ரிப்போர்ட் நோட்டுகளைத் துறை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால், வைவா முடிந்த அன்றே ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பையும் நோட்டைப் போலவே யார் கையிலும் சிக்காமல் பூட்டி வையுங்கள்.